தத்துக் கொடுத்தது யார்?

(எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஞாயிறு அமர்வில் பேசியது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் வந்த இரண்டு விஷயங்களையும் உள்ளே சேர்த்திருக்கிறேன்.)



நாடு விட்டு நாடு பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கு அரசாங்கங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறேன். தலைப்பை அறிவித்த அன்றே ஒரு தோழர், "இது வெள்ளைக்காரக் குடும்பங்களின்ர பிரச்சினை எல்லோ, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டு எழுதியிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாவது, நாங்கள் வாழ்வது சுவிசில். 2025 ஜனவரி 29ஆம் தேதி சுவிஸ் மத்திய அரசு, வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுப்பதை இனிமேல் தடை செய்ய விரும்புவதாக அறிவித்தது. சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் முறைகேடுகளை முற்றாகத் தடுக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இது பற்றிய விவாதத்தில் எங்களிடமும் கருத்துக் கேட்பார்கள். எங்களில் பலருக்கு இங்கே வாக்குரிமை இருக்கிறது.

இரண்டாவது, அரசை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த விசாரணைகள் எங்கிருந்து தொடங்கின தெரியுமோ? இலங்கையிலிருந்து.

மூன்றாவது காரணம் எங்கட சனத்துக்குள்ளேயே இருக்கு. கோயில் மண்டபத்தில, கலியாண வீட்டில நீங்களும் கேட்டிருப்பீங்கள்: "வன்னியில எத்தனை பிள்ளையள் இல்லங்களில கிடக்குதுகள். இங்க எத்தனை பேர் பிள்ளை இல்லாமல் இருக்கினம். ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டால் என்ன?" நல்ல மனதோடு கேட்கிற கேள்வி. நல்ல மனதோடு கேட்பதால்தான் இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடுப்பதும் கொடுப்பதும்

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. தத்தெடுத்தல், தத்துக் கொடுத்தல். எடுக்க ஒருவர் இருந்தால் கொடுக்கவும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கு. இலங்கையின் அரசுத் தமிழில் "மகவேற்பு" என்பார்கள். அழகான சொல், ஆனால் அதில் ஏற்பவர் மட்டும்தான் தெரிகிறார்.

எங்கட குடும்பங்களில் பிள்ளையை வேறு வீட்டில் வளர்ப்பது புதிதில்லை. பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர்கள், பிள்ளையில்லாத மாமாவுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெற்ற தாய் யாரென்று தெரியும். தாய்க்குப் பிள்ளை இருக்கிற வீடு தெரியும். பொங்கலுக்குப் போகலாம், வரலாம், சண்டை கூடப் பிடிக்கலாம். ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிற முழுத் தத்து அப்படியானதில்லை. சுவிசில் 1973இல் வந்த சட்டம் பெற்ற குடும்பத்தோடு பிள்ளைக்கு இருந்த சட்ட உறவை முழுக்க அறுத்துவிட்டது. பெயர் மாறும், குடியுரிமை மாறும், பதிவேட்டில் தாயின் இடத்தில் வேறு பெயர் வரும். "நல்லாப் படிச்சு ஒருநாள் திரும்பி வருவான்" என்று நம்பிக் கொடுத்த தாய்க்கும், "இனி இது எங்கட பிள்ளை" என்று வாங்கிய குடும்பத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே கடதாசி. இரண்டு பக்கமும் அதை இரண்டு விதமாக விளங்கிக் கொண்டார்கள்.

அந்தக் கடதாசியை எழுதியது யார், முத்திரை குத்தியது யார் என்பதுதான் என்னுடைய பேச்சின் மையம்.

முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தன

1973க்கும் 1997க்கும் இடையில் சுமார் 900 பிள்ளைகள் இலங்கையிலிருந்து சுவிசுக்குத் தத்து வந்தார்கள். நெதர்லாந்துக்கு வந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. 2017இல் நெதர்லாந்தின் செம்ப்ளா தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1980களில் ஐரோப்பாவுக்கு வந்த இலங்கைப் பிள்ளைகள் சுமார் 11,000 பேர் என்று சொன்னது. அதே நிகழ்ச்சிதான் குழந்தைப் பண்ணைகளைப் பற்றியும் விரிவாகக் காட்டியது. கர்ப்பிணிப் பெண்களை ஓரிடத்தில் தங்கவைத்து, பிறக்கும் பிள்ளையைத் தரகர்கள் கைமாற்றிய இடங்கள். சில தாய்மாருக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் வேறொரு பெண்ணுக்குக் காசு கொடுத்து, பெற்ற தாய் என்று நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்த நிகழ்ச்சியிலேயே இதை ஒப்புக்கொண்டு, தாய்மாரும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் தேட டிஎன்ஏ வங்கி ஒன்று அமைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

போனவர்களில் பெரும்பாலானோர் சிங்களத் தாய்மாரின் பிள்ளைகள். மலையகத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். இனத்தை விட வறுமைதான் இங்கே பொதுவாக இருந்தது: கலியாணமாகாத பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், கூலி வேலை செய்த பெண்கள். அதனால் இதை "எங்கட பிரச்சினை, அவங்கட பிரச்சினை" என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

அந்தக் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் இடையில் தத்து பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அரசுகள் இல்லாமல் ஒன்றும் நடக்கவும் இல்லை. இலங்கை நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. கடவுச்சீட்டை இலங்கை அரசு கொடுத்தது. சுவிசின் மாநிலங்கள் அனுமதி கொடுத்தன. கொழும்பில் இருந்த சுவிஸ் தூதரகம் வழியாகப் பத்திரங்கள் போய் வந்தன. எல்லா முத்திரையும் சரி, தாய்தான் வேறு. 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் சுவிஸ் அரசு ஒன்றை ஏற்றுக்கொண்டது: முறைகேடுகள் நடப்பதற்குத் தெளிவான அறிகுறிகள் இருந்தும் அதிகாரிகள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை. அதற்காக வருத்தமும் தெரிவித்தது. 2023 டிசம்பரில் வந்த அடுத்த அறிக்கை, இந்தியா, வங்காளதேசம், கொரியா, கொலம்பியா உட்பட இன்னும் பத்து நாடுகளிலிருந்து வந்த தத்துகளிலும் இதே அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது.

இந்தியாவிலிருந்து சூரிச், துர்காவ் மாநிலங்களுக்கு 1973 முதல் 2002 வரை வந்த தத்துகளைப் பற்றி 2024இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் "தாய் யாரென்று தெரியாது" என்று வரும். ஆய்வாளர்கள் பார்த்த கோப்புகளில் பெற்ற தாயின் சம்மதப் பத்திரம் இருக்கவில்லை. அது இல்லாமலே இங்கே தத்து உறுதியாகியிருக்கு.

எங்கட கூட்டங்களுக்கு வருகிற ஒரு தோழி, குழந்தையாக இலங்கையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர். பெயர் சொல்லாமல் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். தன்னுடைய கோப்பை ஒருநாள் எனக்குக் காட்டினார். அதில் ஒரு சத்தியக் கடதாசி, இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். பிள்ளையின் மேலான எல்லா உரிமையையும் சுய விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பதாக நல்ல சட்ட ஆங்கிலம். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம். இதைத் தாய்க்கு யார் வாசித்துக் காட்டினார்கள், எந்த மொழியில், என்ன சொல்லி? அதற்கு அந்தக் கடதாசியில் ஒரு வரி இல்லை. அந்தப் பெருவிரல் தன் தாயுடையதுதானா என்பதும் தோழிக்கு இன்றுவரை தெரியாது.

ஒப்பந்தம் வந்தது, என்ன மாறியது?

இந்த அநியாயங்களுக்குப் பதிலாகத்தான் 1993 மே 29ஆம் தேதி ஹேக் சமவாயம் எழுதப்பட்டது. நாடுகளுக்கிடையிலான தத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கும் அரசுகள் ஒத்துழைப்பதற்குமான சமவாயம். அது நடைமுறைக்கு வர மூன்று நாடுகள் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அந்த முதல் மூன்று நாடுகள் மெக்சிகோ, ருமேனியா, இலங்கை. இலங்கை உறுதிப்படுத்தியதால்தான் 1995 மே 1ஆம் தேதி அது உயிர் பெற்றது. பிள்ளைகளைப் பெற்றுக்கொண்ட நாடுகள் பிறகுதான் வந்தன: நெதர்லாந்தில் 1998, சுவிசில் 2003, அமெரிக்காவில் 2008.

சமவாயத்தை வாசித்துப் பாருங்கோ. மோசமான பத்திரமில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மத்திய அதிகாரசபை இருக்க வேண்டும். பிள்ளையைச் சொந்த நாட்டில் வளர்க்க வழியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தாயின் சம்மதத்தைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. அதைப் பிள்ளை பிறந்த பிறகுதான் எடுக்க வேண்டும். விளைவு என்னவென்று அவருக்கு விளக்க வேண்டும். இரண்டு நாடும் ஒத்துக்கொண்டால்தான் பிள்ளையை ஒப்படைக்கலாம். இலங்கையும் தன் சட்டத்தை 1992இல் இறுக்கியது. அதன் பிறகு எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. இதை நாங்கள் மறைக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் எல்லாமே ஏமாற்று என்று சொல்வது சுலபம், ஆனால் சரியில்லை.

சரி, அப்படியென்றால் குறை எங்கே? நான் பார்த்த அளவில் நாலு இடம்.

ஒன்று, 41ஆவது உறுப்புரை. சமவாயம் இரண்டு நாட்டிலும் நடைமுறைக்கு வந்த பிறகு கிடைத்த விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதாவது, எந்த அநியாயத்தைப் பார்த்து இதை எழுதினார்களோ அந்த அநியாயத்துக்கு உள்ளானவர்கள் இதற்கு வெளியே நிற்கிறார்கள். 1980களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு, 23ஆவது உறுப்புரை. ஒரு நாட்டின் அதிகாரசபை, இந்தத் தத்து சமவாயப்படி நடந்தது என்று சான்றிதழ் கொடுத்தால், மற்ற உறுப்பு நாடுகள் எல்லாம் அதைத் தானாகவே ஏற்க வேண்டும். மறுப்பதற்கு மிகக் குறுகிய வழிதான் இருக்கு. பிள்ளையின் நிலை ஒரு நாட்டில் ஒன்றாகவும் இன்னொரு நாட்டில் வேறாகவும் இருக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கு. ஆனால் அடியில் இருக்கிற ஒரு கடதாசி பொய்யென்றால், சான்றிதழ் அந்தப் பொய்யையும் சேர்த்து மெய்யாக்கிவிடும். சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கோ. ஏழைக் குடும்பங்களிடமிருந்து திருடப்பட்ட பிள்ளைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனது 2005இல் வெளியில் வந்தது. தெருவில் கடத்தப்பட்ட பிள்ளை, கோப்பில் "தாய் ஒப்படைத்த பிள்ளை" ஆகியிருந்தது. வாங்கிய குடும்பம் அந்தக் கோப்பை நம்பியது. நம்பச் சொன்னது அரசு முத்திரை.

மூன்று, 30ஆவது உறுப்புரை. பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவலை அரசுகள் பாதுகாக்க வேண்டும், பிள்ளைக்கு அதைப் பார்க்க வழி செய்ய வேண்டும். அதுவும் "அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு". சரி, தாய்க்கு? என் பிள்ளை உயிரோடு இருக்கா, எந்த நாட்டில் இருக்கு என்று கேட்கிற உரிமை தாய்க்கு இருக்கா? அந்த உறுப்புரையில் தாய் தகவலாக மட்டும்தான் வருகிறார். கேட்கிறவராக வரவில்லை.

நாலு, காசு. முறையற்ற இலாபம் கூடாது என்கிறது 32ஆவது உறுப்புரை. செலவுகளும் நியாயமான தொழில் கட்டணமும் எடுக்கலாம் என்கிறது. எது நியாயம்? ஐரோப்பியக் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளம், தோட்டத் தொழிலாளிக்குப் பல வருடச் சம்பளம். அந்த இடைவெளி இருக்கும் வரைக்கும், அதற்குள் ஒரு தரகர் நிற்க இடம் இருந்துகொண்டே இருக்கும்.

அரசுக்கு இது என்ன தேவை?

அரசுகள் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டின என்று கேட்டால், கொரியாவைப் பார்க்க வேண்டும். 1950களிலிருந்து நூற்றாண்டின் முடிவு வரை 140,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தென் கொரியா வெளியே அனுப்பியது. 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800க்கு மேல். போர் முடிந்து முப்பது வருடத்துக்குப் பிறகு! அந்த நாடு அப்போது பட்டினி நாடும் இல்லை. தனியார் நிறுவனங்களுக்கு அரசு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, தனித்தாய்மாருக்குச் செய்ய வேண்டிய நலச் செலவை மிச்சம் பிடித்தது. தாய் தகப்பன் உயிரோடு இருந்த பிள்ளைகளை அநாதை என்று பதிவு செய்தார்கள். செத்துப்போன அல்லது வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையின் அடையாளத்தில் இன்னொரு பிள்ளையை அனுப்பினார்கள். 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு, அரசு இதற்குப் பொறுப்பு என்று சொன்னது. விண்ணப்பித்த 367 பேரில் முதல் 56 பேருடைய மனித உரிமை மீறப்பட்டதாக ஏற்றது. அதே வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். அந்த மாதமே கொரியாவில் ஹேக் சமவாயமும் நடைமுறைக்கு வந்தது. அனுப்பி முடித்த பிறகு.

இரண்டு நாட்டு ஒப்பந்தங்களில் பிள்ளைகள் இராஜதந்திரக் காசாகவும் மாறுவார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்த தத்து ஒப்பந்தம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, அமெரிக்கா போட்ட தடைகளுக்குப் பதிலடியாக ரஷ்யா அமெரிக்கர்கள் தத்தெடுப்பதைத் தடை செய்தது. குடும்பத்தை நேரில் சந்தித்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் இல்லங்களிலேயே நின்றுவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டபோதும் கிழித்தபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

சுவிசின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இந்த நாடு வெளியிலிருந்து பிள்ளைகளை எடுக்க முதல், தன்னுடைய ஏழைகளிடமிருந்து எடுத்தது. ஏழைக் குடும்பப் பிள்ளைகளைப் பண்ணைகளில் கூலியாட்களாக வைத்தார்கள். யெனிஷ் மக்களின் சுமார் 600 பிள்ளைகளை 1926 முதல் 1973 வரை குடும்பங்களிலிருந்து பிரித்தார்கள். கலியாணமாகாத தாய்மாரின் பிள்ளைகளை வேறு வீடுகளுக்கு மாற்றினார்கள். இலங்கைத் தத்துகளை அதிகம் ஏற்பாடு செய்த சென்ட் கேலன் மாநிலத்தின் அலிஸ் ஹொனெகர் என்ற பெண், அதற்கு முதல் சுவிஸ் தாய்மாரின் பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கிற வேலையைத்தான் செய்தவர். இங்கே தனித்தாய்மாரின் நிலை மாற மாற, தத்துக் கொடுக்கப் பிள்ளைகள் குறைந்தார்கள். தேடல் தெற்கு நோக்கித் திரும்பியது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: தாய் பிள்ளையை வைத்து வளர்க்க வழி கிடைத்த நாட்டில் தத்துக்குப் பிள்ளை கிடைப்பதில்லை. அப்படியென்றால் "கைவிடப்பட்ட பிள்ளைகள்" என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள். சுவீடன், தத்தெடுக்கும் குடும்பத்துக்கு 75,000 குரோனர் வரை அரசு உதவி கொடுக்கிறது. அமெரிக்கா வரிச் சலுகை கொடுக்கிறது. அதே பணத்தில் ஒரு பகுதி பெற்ற தாயின் கைக்கு முதலில் போயிருந்தால், அந்தப் பிள்ளை விமானம் ஏறியிருக்குமா என்று கேட்க எந்த ஒப்பந்தத்திலும் இடம் இல்லை.

"அப்ப பிள்ளை இல்லத்திலேயே கிடக்கட்டுமோ?"

இனி எங்கட மண்டபங்களில் கேட்கிற கேள்விக்கு வருவம்.

முதலில் ஒரு சட்ட விஷயம். ஹேக் சமவாயம் இனத்தையும் பார்ப்பதில்லை, கடவுச்சீட்டையும் பார்ப்பதில்லை. வழமையாக வசிக்கிற நாட்டைத்தான் பார்க்கிறது. சூரிச்சில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பதி கிளிநொச்சியிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்தாலும் அது வெளிநாட்டுத் தத்துதான். மொழி தெரியும், சாப்பாடு தெரியும், கோயில் தெரியும் என்பதெல்லாம் உண்மை, பிள்ளைக்கு அது பெரிய உதவியும்தான். ஆனால் எங்கட சம்பளம் இங்கத்தைச் சம்பளம். இந்த உறவில் நாங்கள் நிற்பது எடுக்கிற பக்கத்தில். "எங்கட இனம்" என்ற சொல் அந்த வித்தியாசத்தை மறைத்துவிடக் கூடாது.

இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பான்மையானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். போரில் புருஷனை இழந்தவர், கடன்காரர், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர். பிள்ளைக்கு மூன்று நேரச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்று இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தத் தாய்மாரைப் பார்த்து "பிள்ளையைத் தந்துவிடு" என்று கேட்பதற்கா ஒப்பந்தம்?

"அப்ப பிள்ளை இல்லத்திலேயே கிடக்கட்டுமோ?" என்று கேட்டால், கூடாது. பெரிய இல்லங்களில் வளர்வது பிள்ளைகளுக்கு, அதுவும் கைக்குழந்தைகளுக்கு, எவ்வளவு கெடுதல் என்பதை ருமேனியாவில் உலகமே பார்த்தது. ஆனால் இல்லம் அல்லது விமானம் என்ற இரண்டு வழி மட்டும்தான் இருக்கு என்று யார் சொன்னது? தாயின் வருமானம், அம்மம்மாவுக்கும் சித்திக்கும் உதவித்தொகை, ஊரிலேயே பராமரிப்புக் குடும்பம், உள்நாட்டுத் தத்து. இவை எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் யாருமே இல்லாத சில பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காக நாடு கடந்த தத்து என்ற கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டுமா என்பதில் இந்த அறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கு. இருக்கட்டும். ஆனால் வரிசை மாறக் கூடாது.

தடை விதித்தால் கணக்கு முடிந்ததா?

கேள்வி நேரத்தில் ஒரு தோழி, "அப்ப சுவிஸ் தடையை நாங்கள் ஆதரிக்கிறமா?" என்று நேரடியாகக் கேட்டார். என்னுடைய பதில்: ஆதரிக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தினால் அரசு இலகுவாகத் தப்பிவிடும். நெதர்லாந்து 2021 பெப்ரவரியில், யூஸ்ட்ரா குழுவின் அறிக்கை வந்த கையோடு புதிய தத்துகளை நிறுத்தியது. பிறகு படிப்படியாக முடிப்பதாக அறிவித்தது. சீனா 2024 செப்டம்பரில் நிறுத்தியது. ஒப்பந்தத்தைப் போலவே தடையும் அரசின் முடிவுதான். கதவைப் பூட்டுவதற்குச் செலவு இல்லை. ஏற்கெனவே போன பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்டத்தான் செலவு, ஆட்கள், அரசியல் துணிவு எல்லாம் வேண்டும்.

ஆகவே எங்களுக்கு ஒரு புது ஒப்பந்தம் வேண்டும்தான். பிள்ளைகளை அனுப்புவதற்கில்லை, உண்மையைத் திருப்பி அனுப்புவதற்கு. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 21ஆவது உறுப்புரை, இந்த விஷயத்தில் நாடுகள் தங்களுக்குள் உடன்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அதை இந்தப் பக்கமாகவும் பயன்படுத்தலாமே?

சுவிசும் இலங்கையும் ஒரு ஆவண உடன்பாடு செய்ய வேண்டும். இங்கத்தை மாநிலக் கோப்பு, அங்கத்தை நீதிமன்றக் கோப்பு, ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வழி வேண்டும். தேடுகிற உரிமை தாய்க்கும் வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும், கட்டணம் இல்லாமல். டிஎன்ஏ பரிசோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். தத்து வந்தவர்கள் தங்கட சேமிப்பில் விமானச்சீட்டு எடுத்து, தனியார் நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பித் தாயைத் தேடுகிற நிலை வெட்கக்கேடு. பண்ணைப் பிள்ளைகள் முதலான உள்நாட்டுப் பாதிக்கப்பட்டவர்களிடம் சுவிஸ் அரசு 2013இல் மன்னிப்புக் கேட்டது. 2017இல் வந்த சட்டத்தால் ஆளுக்கு 25,000 பிராங் கொடுத்தது. வெளிநாட்டுத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வெறும் வருத்தம்?

முடியாது என்று சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த கைக்குழந்தையை நினைவிருக்கா? "பேபி 81" என்று உலகமே சொன்ன பிள்ளை. நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிட்டது. அடுத்த பெப்ரவரியில் பிள்ளை பெற்றோரின் கையில். கமெரா பார்த்துக்கொண்டிருந்தபோது அரசால் ஏழு, எட்டு வாரத்தில் செய்ய முடிந்த வேலை அது.

எங்களால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தத்து வந்தவர்களின் அமைப்புகள் இங்கே பல வருடமாகப் போராடுகின்றன. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பறிக்கப்பட்டதில் மொழியும் ஒன்று. எங்களில் ஐந்து பேர் தமிழ்க் கடதாசிகளை வாசித்துக் கொடுக்கவும், தொலைபேசியில் மொழிபெயர்க்கவும் முன்வந்தால் அது உடனடி உதவி. சிங்களம் தெரிந்த தோழர்களையும் சேர்ப்பம். ஊர்ச் சங்கங்களிடம் ஒரு கேள்வி வைப்பம்: இல்லங்களுக்கு அனுப்புகிற காசில் எவ்வளவு கட்டடத்துக்குப் போகிறது, எவ்வளவு பிள்ளை தாயோடு வீட்டில் இருப்பதற்குப் போகிறது? பெயர்ப்பலகை வைக்க முடியாத உதவிக்குத்தான் இப்ப தேவை அதிகம். சட்ட வரைவு பொதுக் கருத்துக்கு வரும்போது எங்கட பெயரில் ஒரு பக்கமாவது எழுதி அனுப்புவம்.

இனி எந்த ஒப்பந்தம் உங்கள் முன்னால் வந்தாலும், எவ்வளவு நல்ல சொற்களில் வந்தாலும், மூன்று கேள்வியை அதில் வைத்துப் பாருங்கோ. பெற்றவள் "மாட்டேன்" என்று சொல்ல இதில் இடம் இருக்கா? சொன்ன பிறகும் பிள்ளையை வளர்க்க அவளுக்கு வழி இருக்கா? பத்து வருடம் கழித்து அவள் கதவைத் தட்டினால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு அதிகாரி இருக்கிறாரா? மூன்றுக்கும் ஓம் என்று வராத எந்தக் கடதாசிக்கும் நாங்கள் ஆதரவு சேர்க்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ.